ஏ320 சிமுலேட்டர் ஆட்-ஆன்: ஆர்டிஏ வசதி எப்படி?

கணினி விமான சிமுலேட்டரில் ஏ320 விமானத்தைச் சேர்க்கும் இந்த ஆட்-ஆனை நான் வாங்கியதே ஆர்டிஏ (குறித்த நேரத்துக்குப் போய்ச் சேருவது) வசதிக்காகத்தான். ஒரு வேபாயிண்டை (பாதையில் குறித்த புள்ளியை) எத்தனை மணிக்குக் கடக்க வேண்டும் என்று எம்சிடியுவில் (விமானி விவரம் தட்டும் விசைப்பலகைத் திரையில்) போட்டால் எஃப்எம்எஸ் என்ற விமானக் கணினி தானே வேகத்தைக் கூட்டிக் குறைத்து அந்த நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். நன்றாகவே செய்கிறது, ஆனால் காற்று விவரத்தை ஒழுங்காகக் கொடுத்தால் மட்டும்.

எம்சிடியுவில் காற்று விவரம் போடும் பக்கத்தைக் காலியாக விட்டுவிட்டு 'நேரத்துக்குப் போகவில்லை' என்று ஒற்றை நட்சத்திரம் கொடுப்பது நியாயமே இல்லை. கணக்கைப் பாருங்கள்: மாக் (ஒலியின் வேகத்தில் எத்தனை பங்கு என்ற அளவு) 0.78-லிருந்து 0.80-க்கு ஏற்றினால் ஒரு மணி நேரத்தில் மிச்சமாவது ஏறத்தாழ ஒன்றரை நிமிடம், 0.76-க்குக் குறைத்தால் தாமதிக்க முடிவதும் அவ்வளவுதான், 0.82 உச்ச வரம்பு. எதிர்பாராமல் 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) எதிர்க்காற்று அடித்தால் அதே ஒரு மணியில் 20 கடல் மைல் பின்தங்கி, இரண்டரை நிமிடத்துக்கு மேல் போய்விடும். அதை எந்த எஃப்எம்எஸ் மீட்கும்?

நேரம் கைகூடும் என்றால் வேபாயிண்ட் பக்கத்தில் மெஜந்தா நட்சத்திரம், கூடாது என்றால் ஆம்பர் (ஆரஞ்சு கலந்த மஞ்சள்). நிஜ விமானத்தில் உள்ளபடியே செய்திருக்கிறார்கள், பிடித்திருக்கிறது.

சொதப்புவது இறக்கத்தில். தாமதமாக விழித்துக்கொண்டு வேகத்தைத் திடீரென மாற்றுகிறது, ஐடிலில் (குறைந்தபட்ச விசையில்) இருக்க வேண்டிய என்ஜின் சத்தம் போட்டு எழுகிறது. எரிபொருளை மிச்சப்படுத்தத்தானே இந்த ஏற்பாடே! விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வந்து ஹோல்டிங்கில் வட்டமடிப்பதற்குப் பதில், மேலே குரூஸிலேயே (இறக்கத்துக்கு முந்தைய சம உயரப் பயணத்திலேயே) கொஞ்சம் மெதுவாக வந்தால் தரையிறங்கும் வரிசையில் நம் இடம் சரியாகக் கிடைக்கும், விமானங்களை வழிநடத்தும் கன்ட்ரோலருக்கும் வேலை குறையும். 2012 பிப்ரவரி 10 அன்று ஏர்பஸ்ஸின் சோதனை ஏ320 துலூஸிலிருந்து கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம் வரை பறந்து இதைத்தான் செய்து காட்டியது. அங்கே இறக்கத்தில் 10 விநாடி முன்பின் என்பதுதான் இலக்கு. அதோடு விமானம் தான் கணித்த பாதையை, உயரமும் நேரமும் சேர்த்து, டேட்டாலிங்க்கில் (விமானமும் தரையும் தகவல் பரிமாறும் இணைப்பில்) தரைக்கு அனுப்பியது. அந்த டேட்டாலிங்க் இந்த ஆட்-ஆனில் இல்லை. வந்தால் ஆன்லைன் சிமுலேட்டரில் கன்ட்ரோலர் வேலை பார்ப்பவர்களுக்குப் பெரிய உதவி.

சரி, வாங்கலாமா? நீண்ட குரூஸ் ஓட்டுபவர்கள் தாராளமாக வாங்கலாம். இறக்கத்தைச் சரிசெய்து அப்டேட் வரும்வரை டாப் ஆஃப் டிசென்ட்டுக்கு (இறக்கம் தொடங்கும் புள்ளிக்கு) முந்தைய வேபாயிண்டுகளுக்கு மட்டும் நேரம் போடுங்கள், அதையும் கடைசி நேரம் வரை விடாமல் சீக்கிரமே போட்டுவிடுங்கள்.