டவர் குழிக்கு முன் தொல்லியல் ஆய்வு: நடந்து பார்ப்பதா, கருவி வைப்பதா?

400 கேவி உயரழுத்த மின் லைன் போகும் தடத்தில் பழம்பொருள் புதைந்திருக்கிறதா என்று அறிய இரண்டு வழி உண்டு. தொல்லியல் தெரிந்தவர்கள் தடம் நெடுக நடந்து பார்க்கலாம். மண்ணின் காந்த மாறுதலை அளக்கும் காந்தமானியோ தரை ஊடுருவும் ரேடாரோ வைக்கலாம். தமிழ்நாட்டு மேட்டுநிலத்தில் என் தேர்வு நடைதான்.

செலவுக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததே. முடிவு செய்வது, பதில் எப்போது கைக்கு வருகிறது என்பது. எந்த டவர் எங்கே நிற்கும் என்ற பட்டியலான டவர் ஷெட்யூல் இறுதியாகும் வரைதான் இடம் மாற்ற வழி உண்டு. அதற்குள் தெரிந்தால், நேர்கோட்டில் நிற்கும் டிஏ டவரை லைனிலேயே முன்பின் நகர்த்தலாம். ஸ்பேன், அதாவது இரு டவர்களுக்கு இடையிலான தூரம், வழக்கமான 400 மீட்டரைத் தாண்டினால் டவரை உயர்த்த 3 அல்லது 6 மீட்டர் எக்ஸ்டென்ஷன் போட்டு, கம்பிக்கும் தரைக்கும் இடையே வேண்டிய கிரவுண்ட் கிளியரன்ஸைச் சரிக்கட்டலாம். திருப்பத்தில் நிற்கும் டிபி, டிசி, டிடி டவர்கள் அப்படியல்ல. ஒன்றை நகர்த்தினால் இருபக்கமும் லைனே விலகும். பட்டாதாரர்களிடம் மறுபடி முதலிலிருந்து பேச வேண்டும். ஆகவே லைன் திரும்பும் ஆங்கிள் பாயிண்டுகளை முதலில் நடந்து பாருங்கள். டவர் காலின் அடித்துண்டான ஸ்டப்பை நிறுத்தி கான்கிரீட் போட்டபின் வரும் அறிக்கையால் எந்த முதுமக்கள் தாழியும் (இறந்தோரைப் புதைத்த பெரிய பானை) பிழைக்காது.

உழவுக்குப்பின் ஒரு மழை பெய்த சமயம் நல்லது. பானை ஓடுகள் கழுவப்பட்டு மேலே கிடக்கும். டவர் இடத்தைக் குறிக்கும் ஒவ்வொரு பெக்கைச் (முளை) சுற்றியும் 50 மீட்டர் வரை, ஆளுக்கு ஆள் 5 மீட்டர் விட்டு நடக்க வேண்டும். கறுப்பு-சிவப்பு ஓடு, இரும்புக் கசடு, பாதி புதைந்த கல்வட்டம், தரையோடு தரையாக வட்டமாய்த் தெரியும் தாழி விளிம்பு ஆகியவற்றைத் தேடுங்கள். நத்தமேடு (பழைய குடியிருப்பு மேடு), பாண்டவர் குழி (பழைய ஈமக்குழி) என்று ஊரில் எதையாவது சொல்கிறார்களா என ஆடு மேய்ப்பவரைக் கேளுங்கள். டவர் கால் ஊன்றும் இடம் மட்டும் போதாது. ஜேசிபி பாதையும் கம்பி இழுக்கும் மெஷின் நிற்கும் இடமும் அதைவிடப் பரந்த நிலத்தைக் கிளறும்.

காந்தமானி சூளையையும் உலையையும் நன்றாகவே காட்டும். ஆனால் பழைய லைனை ஒட்டிப் புது லைன் போனால், பழைய டவரின் இரும்பு பக்கத்து அளவீடுகளை மூழ்கடித்துவிடும். கம்பிவேலியும் காந்தத்தன்மை உள்ள சார்னோகைட் பாறையும் அதே தொல்லை. ரேடார் உலர்ந்த தேரி (செம்மணல் மேடு) மணலில் நன்கு இறங்கும், ஈரக் கரிசலில் மங்கும். சீமைக்கருவேலங்காட்டில் இரண்டையும் கொண்டுபோக முடியாது. ஏக்கர் கணக்கில் சமன் செய்யும் துணைமின் நிலையத்துக்குக் கருவிச் செலவு நியாயம்தான்.

டெல்டா வண்டலில் நடை ஆய்வை இவ்வளவு அழுத்திச் சொல்லமாட்டேன். பழைய தளம் ஆழத்தில் கிடக்க, மேலே ஓர் ஓடுகூட இராது.

மத்தியப் பாதுகாப்புச் சின்னம் அருகில் இருந்தால் 100 மீட்டர் வரை தடை, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாடு. இதை வரைபடத்திலேயே பார்த்துவிடலாம். பட்டியலில் சேராத தாழிக்காடுகளுக்கு அந்தக் காவல் இல்லை.

நடையிலும் சில தப்பும். சந்தேகமான இடத்தில் அடித்தளக் குழியின் முதல் 1 மீட்டரை மண்வெட்டியால் எடுங்கள். தாழி தென்பட்டால் வெளியே தூக்காதீர்கள், உள்ளிருக்கும் மண்ணைக் கொட்டாதீர்கள். வேலையை நிறுத்தி ஆட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் தகவல் சொல்லுங்கள்.