ஆறு வருஷம் ட்ரெய்லர் இழுத்ததுல தெரிஞ்சுகிட்டது: இன்டர்ஸ்டேட்ட விட்டு சின்ன ரோட்டுக்கு வந்த கதை

நாங்க இருக்கறது டென்னசி, நாஷ்வில் பக்கம். 2019 கடைசில 24 அடி ட்ராவல் ட்ரெய்லர் (உள்ளயே சமைச்சு தூங்கற மாதிரி, வண்டிக்கு பின்னாடி மாட்டி இழுக்கற வீடு) ஒண்ணு வாங்குனோம், இழுக்கறதுக்கு ஃபோர்டு எஃப்-150 பிக்கப். தண்ணி, சாமான், பசங்க சைக்கிள் எல்லாம் ஏத்துனா ட்ரெய்லர் மட்டும் 6,000 பவுண்டுக்கு மேல வரும். இதுவரைக்கும் 37,000 மைல் இழுத்திருக்கேன். முதல் ரெண்டு வருஷம் கண்ண மூடிட்டு இன்டர்ஸ்டேட்டுதான் (மாநிலம் விட்டு மாநிலம் போற பெரிய ஹைவே, ஐ-40 மாதிரி நம்பர் இருக்கும்), அதுக்கப்புறம் நாலு வருஷமா முடிஞ்ச அளவு ரெண்டு லேன் ரோடு. புதுசா ட்ரெய்லர் வாங்கற நம்மாளுங்க எல்லாரும் என்கிட்ட கேக்கற முதல் கேள்வி எந்த ரோட்டுல போறதுன்னுதான், அதனால ஒரே இடத்துல எழுதி வச்சிரலாம்னு.

நான் மாறுனதுக்கு காரணம் சீனரி கெடையாது. 2021 ஜூலைல மெம்ஃபிஸ் போற ஐ-40ல, 70 மைல் வேகத்துல ட்ரெய்லரோட வலது பக்க டயர் ஒண்ணு வெடிச்சிருச்சு. கிழிஞ்ச ரப்பர் அடிச்ச அடியில சக்கரத்துக்கு மேல இருக்கற தகடு பிஞ்சு உள்ள கிச்சன் கேபினட் வரைக்கும் ஒடஞ்சு போச்சு. அத விட மோசம் என்னன்னா அந்த ஷோல்டர்ல நின்னு டயர் மாத்துன ஒரு மணி நேரம், ஒவ்வொரு லாரி தாண்டறப்பவும் ட்ரெய்லர் ஜாக்கி மேல ஆடுது, பசங்க ரெண்டு பேரும் தடுப்புக்கு அந்தப் பக்கம் புல்லுல உக்காந்து அழுவுறாங்க, வீட்டுக்காரி ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா, "ஏனுங்க, இப்படி பறந்து போய் நாம எதப் பிடிக்கப் போறோம்?" அன்னிக்கு ராத்திரி டயர் பக்கத்துல இருக்கற எழுத்தெல்லாம் முதல் தடவையா உக்காந்து படிச்சேன். ட்ரெய்லருக்குன்னு வர்ற எஸ்டி டயர்ல நிறைய டயருக்கு 65 மைல்தான் வேக வரம்பு, நான் ரெண்டு வருஷமா 70ல ஓட்டிட்டு இருந்திருக்கேன். சரின்னு வேகத்த 62க்கு குறைச்சா, எல்லாரும் 75, 80ல போற ரோட்டுல அது இன்னொரு கஷ்டம், ஒவ்வொரு நிமிஷமும் ஒரு லாரி நம்மள தாண்டிட்டே இருக்கும்.

அந்த தாண்டறத பத்தி கொஞ்சம் சொல்லணும், ஏன்னா ட்ரெய்லர் இழுக்காதவங்களுக்கு இது புரியாது. பதினெட்டு சக்கர லாரி பின்னாடி இருந்து வர்றப்ப அது முன்னாடி தள்ளிட்டு வர்ற காத்து முதல்ல ட்ரெய்லரோட பின்பக்கத்த ஓரமா தள்ளும், லாரி நமக்கு இணையா வந்ததும் அதே காத்து உள்ள இழுக்கும், இந்த தள்ளுறதும் இழுக்கறதும் சேர்ந்து வால் ஆடற மாதிரி ஒரு ஆட்டம் ஆரம்பிக்கும். வெயிட் டிஸ்ட்ரிப்யூஷன் ஹிட்ச் (பாரத்த எல்லா சக்கரத்துக்கும் பிரிச்சு விடற கொக்கி), ஸ்வே கன்ட்ரோல் (ஆட்டத்த அடக்கற அமைப்பு) எல்லாம் போட்டாச்சு, ட்ரெய்லரோட முன்பக்கம் வண்டி கொக்கி மேல உக்கார்ற வெயிட்டும் ட்ரெய்லரோட மொத்த வெயிட்டுல 12, 13 சதவீதம் வர்ற மாதிரி சாமான் அடுக்கியாச்சு (10லிருந்து 15க்குள்ள இருக்கணும்), ஆட்டம் நல்லா குறைஞ்சுது ஆனா தோள்பட்ட வலி குறையல, எட்டு மணி நேரம் ஸ்டீயரிங்க இறுக்கிப் பிடிச்சா வேற என்ன ஆகும். அதே வண்டி அதே ட்ரெய்லர், 50 மைல்ல போனா பின்னாடி ஒண்ணு தொங்குதுங்கறதே தெரியாம வருது. காத்தோட எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துக்கு ஏறும், அதனால 50ல இருக்கறத விட 70ல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, ட்ரெய்லரோட முன்பக்கம் செவுரு மாதிரி இருக்கறதால அது பெட்ரோல்ல அப்படியே தெரியும். எனக்கு ஐ-40ல கேலனுக்கு 8.5 மைல் வந்துச்சு, சின்ன ரோட்டுல 11க்கு கீழ போனதே இல்ல, மலை ஏறுனா மட்டும் கொஞ்சம் குறையும்.

சரி, எந்த ரோடு? இதுல எனக்கு ஒரு அழுத்தமான அபிப்பிராயம் இருக்கு. பழைய யூஎஸ் நம்பர் ரோடுங்க இருக்கு பாருங்க, 1926ல நம்பர் போட்டது, யூஎஸ்-20, யூஎஸ்-36, யூஎஸ்-50 மாதிரி, ட்ரெய்லருக்கு இதுங்கதான் ரொம்ப சரி. அகலம் இருக்கு, பாலம் உறுதியா இருக்கு, லாரி போற ரோடுங்கறதால திருப்பத்துல மாட்ட மாட்டோம், 30, 40 மைலுக்கு ஒரு ஊர் வரும் (நெவாடால யூஎஸ்-50 மட்டும் விதிவிலக்கு, ஃபாலன், ஆஸ்டின், யூரேகா, ஈலின்னு நாலு ஊர், நடுவுல 70லிருந்து 110 மைல் வரைக்கும் சும்மா). அதுக்கு கீழ கவுன்ட்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) ரோடுன்னு போனா நிலைமையே வேற. ஒரு தடவ ஜிபிஎஸ் நாலு நிமிஷம் மிச்சம்னு சொல்லி ஒரு கவுன்ட்டி ரோட்டுல விட்டுச்சு, ரெண்டு மைல் போனதும் ஓடை மேல ஒரு பாலம், 5 டன்தான்னு போர்டு, நாங்க வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்து 6 டன் வரும், திரும்ப இடமில்ல. வீட்டுக்காரி பின்னாடி நடந்து வழி காட்ட கால் மைல் ரிவர்ஸ்லயே வந்து ஒரு பண்ணை வாசல்ல திருப்புனேன். அதுல இருந்து போனோட மேப்ப நம்பறதில்ல. ட்ரெய்லரோட உயரம் நீளம் வெயிட் எல்லாம் போட்டு வைக்கற ஆர்வி (இந்த மாதிரி வீட்டு வண்டிங்களுக்கு பொதுப் பேர்) ஜிபிஎஸ் ஒண்ணு, அதோட லாரிக்காரங்க வச்சிருக்கற ராண்ட் மெக்னலி அட்லஸ், அதுல தாழ்வான பாலத்தோட லிஸ்ட்டே தனியா இருக்கும். முந்துன நாள் ராத்திரி இத வச்சு ரோட்ட முழுசா பாத்துட்டுதான் தூங்கப் போறேன்.

எங்களுக்கு வீட்டு வாசல் மாதிரி இருக்கறது நாட்சஸ் ட்ரேஸ் பார்க்வே, பார்க்வேன்னா சுத்திப் பாக்கறதுக்குன்னே பார்க் மாதிரி வச்சிருக்கற ரோடு. நாஷ்வில்ல இருந்து அலபாமா மூலைய தொட்டு மிசிசிப்பில நாட்சஸ் வரைக்கும் 444 மைல், 50 மைல் வேகம், ஒரு சிக்னல் கெடையாது, ஒரு விளம்பர போர்டு கெடையாது, கமர்ஷியல் லாரிக்கு அனுமதியே இல்ல. புது ஆளுங்க ட்ரெய்லர் பழகறதுக்கு இத விட நல்ல ரோடு நான் பாக்கல. நீளம் வண்டியோட சேர்த்து 55 அடிக்குள்ள இருக்கணும், நாங்க 46. நடுவுல ஜெஃப் பஸ்பி, மெரிவெதர் லூயிஸ் மாதிரி கேம்ப்கிரவுண்டுல இலவசமா தங்கலாம், ரிசர்வேஷன் இல்ல, முதல்ல போறவங்களுக்கு இடம், கரண்ட் கெடையாது. அமெரிக்காவோட மேற்குப் பக்கத்த ஆராய போன லூயிஸ் அண்ட் கிளார்க் பயணத்துல வர்ற அந்த மெரிவெதர் லூயிஸ் 1809ல இறந்தது அவர் பேர்ல இருக்கற இந்த இடத்துலதான், அவர் சமாதி மேல பாதில ஒடஞ்ச மாதிரி கட்டுன ஒரு தூண் நிக்குது, என் பெரியவன் அத பாத்துட்டு வந்து ரெண்டு நாள் அதே பேச்சு. ஒண்ணு மட்டும் கவனம், சைக்கிள் ஓட்டறவங்க நிறைய வருவாங்க, லேன் நடுவுல போற உரிமை அவங்களுக்கு இருக்கு, எதிர்ல காலியா தெரியற வரைக்கும் பொறுமையா பின்னாடியே போங்க. சாயங்காலம் ஆனா மான் வேற. பார்க்வே மேல பெட்ரோல் பங்க் இல்ல, எக்ஸிட் எடுத்து ஊருக்குள்ள போகணும், நான் அரை டேங்க் ஆனதும் போயிருவேன்.

ப்ளூ ரிட்ஜ் பார்க்வே பத்தி கேப்பாங்க. 469 மைல், 45 வேகம், அழகுக்கு குறையே இல்ல, மலையோரத்துல வளைஞ்சு போற லின் கோவ் வயடக்ட் பாலம் மேல ட்ரெய்லரோட போனது எனக்கு இன்னும் கண்ணுலயே நிக்குது. ஆனா 26 சுரங்கம் இருக்கு, அதுல 25 நார்த் கரோலினால, எல்லாம் மேல வளைவா கட்டுனது, நடுவுல உயரமா இருக்கும் ஓரத்துல தாழ்வு. ஒவ்வொரு சுரங்கத்தோட உயரத்தையும் பார்க் சர்வீஸ் லிஸ்ட்டா போட்டிருக்காங்க, ட்ரெய்லர் ஏசியோட உச்சில இருந்து தரை வரைக்கும் டேப் வச்சு அளந்து (கம்பெனி பேப்பர்ல இருக்கற அளவ நம்பாதீங்க) அந்த லிஸ்ட்டோட ஒத்துப் பாத்துட்டு கிளம்புங்க. 2024 செப்டம்பர் ஹெலீன் புயல்ல இந்த ரோடு பல இடத்துல அறுத்துட்டு போச்சு, எந்தப் பகுதி திறந்திருக்குன்னு பாக்காம போகக் கூடாது. என்னை கேட்டா ட்ரெய்லரோட முழுசா ஓட்ட வேண்டாம், அடிவாரத்துல ஒரு கேம்ப்கிரவுண்டுல நிறுத்திட்டு பிக்கப்ப மட்டும் எடுத்துட்டு மேல போங்க.

மலை இறக்கம் எனக்கு பாடம் சொன்னது ஆர்கன்சாஸ்ல. 2022ல ஹைவே 7ல தெக்க இருந்து ஜாஸ்பர் ஊருக்கு இறங்கறோம், வளைஞ்சு வளைஞ்சு சரிவு, நான் பிரேக்க மிதிச்சுகிட்டே வந்தேன், பாதில எரிஞ்ச வாடை. ஒதுங்கி நிறுத்தி இறங்கிப் பாத்தா ட்ரெய்லர் சக்கரத்துல இருந்து புகை. முக்கா மணி நேரம் ஆறவிட்டு மெதுவா இறங்குனோம். ராத்திரி எங்க மாமாவுக்கு போன் போட்டேன், நாமக்கல்ல முப்பது வருஷம் லாரி ஓட்டுனவரு. அவர் ரொம்ப சாதாரணமா கேட்டாரு, "கண்ணு, எந்த கியர்ல ஏறுனயோ அதே கியர்ல எறங்கோணும்னு உனக்கு யாரும் சொல்லலியா?" அவ்வளவுதான் விஷயம். இப்பல்லாம் உச்சிலயே வேகத்த 30க்கு கொண்டு வந்து, டோ ஹால் மோடு (பாரம் இழுக்கறப்ப கியர அதுக்கேத்த மாதிரி மாத்தற பட்டன்) போட்டு, கியர கையால குறைச்சு இன்ஜினாலயே பிடிச்சு இறங்கறேன். வேகம் ஏறுனா ஒரு தடவ அழுத்தமா பிரேக் போட்டு குறைச்சுட்டு விட்டுருவேன், மிதிச்சுட்டே வர்றதில்ல.

ஆனா இந்த ஆறு வருஷத்துல ஒரு ரோட்ட மட்டும் மறுபடியும் போகணும்னா எதுன்னு கேட்டா யோசிக்கவே மாட்டேன், நெப்ராஸ்கா ஹைவே 2. எல்லாரும் ஐ-80ல நெப்ராஸ்காவ தாண்டிட்டு அந்த மாநிலத்துல ஒண்ணுமே இல்லன்னு சொல்றாங்க, எனக்கு அத கேக்கறப்ப மனசு கஷ்டமா இருக்கும். கிராண்ட் ஐலண்ட்ல ஆரம்பிச்சு ப்ரோக்கன் போ தாண்டுனதும் சாண்ட்ஹில்ஸ், மணல் மேடு மேல புல்லு முளைச்சு கடல் அலை மாதிரி கண்ணுக்கெட்டின வரைக்கும் போகுது, மேற்கு பாதி உலகத்துலயே பெரிய மணல்மேட்டு நிலம் இதுதான். ஹால்ஸி பக்கம் திடீர்னு ஒரு பைன் காடு, அது தானா வந்தது இல்ல, 1902ல ஆரம்பிச்சு மனுஷன் கையால நட்டது. நாங்க 2024 ஜூன்ல அங்க ரெண்டு ராத்திரி தங்குனோம். ரோட்ட ஒட்டியே பிஎன்எஸ்எஃப் கம்பெனியோட ரயில் பாதை, வயோமிங்ல இருந்து நிலக்கரி ஏத்திட்டு வர்ற கூட்ஸ் வண்டி ஒவ்வொண்ணும் ஒரு மைல் நீளத்துக்கு மேல, பசங்க பெட்டிய எண்ணிட்டே வந்தாங்க, ஒரு வண்டில 134. சின்னவ ஜன்னல் வழியா கைய மடக்கி ஹாரன் அடிக்க சொல்லி ஆட்டுனா, இன்ஜின் டிரைவர் நீளமா அடிச்சுட்டு கை காட்டுனாரு, அன்னிக்கு முழுக்க அவ முகத்துல இருந்த சந்தோஷத்த நான் மறக்கமாட்டேன். அலையன்ஸுக்கு கொஞ்சம் முன்னாடி ஆன்டியோக்னு ஒரு இடம், முதல் உலகப் போர் சமயத்துல பொட்டாஷ் (உரத்துக்கு போடற உப்பு) எடுத்த ஃபேக்டரிங்களோட கான்கிரீட் மிச்சம் மட்டும் ரோட்டோரம் நிக்குது, ஊர் காலி. ஒரு முழு நாள்ல எங்கள பின்னாடி இருந்து தாண்டுனது பத்து வண்டி இருக்கும்.

கஷ்டமும் சொல்லிடறேன். அங்க பக்கவாட்டு காத்து பலமா அடிக்கும், 25 மைலுக்கு மேல காத்து இருந்தா நாங்க கிளம்பறதே இல்ல. ரெண்டு லேன் ரோட்டுல எதிர்ல வர்ற லாரி பட்டுனு ஒரு அறை விடும், ஒரு செகண்ட்தான், ஆனா இருக்கும். சின்ன ஊர் பெட்ரோல் பங்க்ல 46 அடி வண்டிய உள்ள விட்டா வெளிய வர வழி இருக்கான்னு ரோட்டுலயே நின்னு பாத்துட்டுதான் உள்ள போகணும். சராசரி வேகம் மணிக்கு 42 மைல்தான் வருது, அதனால ஆர்விக்காரங்க சொல்ற ஒரு நாளைக்கு 300 மைல் கணக்கெல்லாம் இங்க ஓடாது, நாங்க 200 மேல தாண்டறதில்ல. பின்னாடி வண்டி சேர்ந்தா ஒதுங்கி விட்டுருங்க, அஞ்சு வண்டி சேர்ந்தா ஒதுங்கணும்னு கலிஃபோர்னியாலயும் வாஷிங்டன்லயும் சட்டமே இருக்கு. அழகான ரோடுன்னு பேர் வாங்குன எல்லாத்துலயும் ட்ரெய்லர் போக முடியாது, க்ளேசியர் பார்க்ல கோயிங் டு தி சன் ரோட்டோட மேல் பகுதில 21 அடிக்கு மேல நீளமா இருந்தா விடவே மாட்டாங்க.

இன்டர்ஸ்டேட்ட நான் அடியோட விடல. பெரிய ஊர தாண்டறதுக்கு, ஐஸ் இருக்கறப்ப, இருட்டுனதுக்கப்புறம் அதுதான் பாதுகாப்பு. எங்க ஊர்ல இருந்து சட்டனூகா போற வழில மான்டீகிள் மலை இறக்கம், அங்க பழைய யூஎஸ்-41 குறுகலா வளைஞ்சு போகும், ஐ-24ல லாரிக்கு தனி லேன், பிரேக் போனா ஏறி நிக்க தனி சரிவு எல்லாம் இருக்கு, நான் எப்பவும் ஐ-24தான்.

இந்த மார்ச் ஸ்ப்ரிங் பிரேக்ல திரும்பவும் நெப்ராஸ்கா, ப்ளாட் ஆத்துல லட்சக்கணக்குல கொக்கு எறங்கற சமயம். லீவு ஒரு வாரந்தான், அதனால போறப்ப கியர்னி வரைக்கும் இன்டர்ஸ்டேட்லயே 62ல போயிட்டு, வர்றப்ப கேன்சஸ் வழியா யூஎஸ்-36 புடிச்சு மிசூரில ஹானிபல் வரைக்கும் வரலாம்னு இருக்கோம். அதுக்கு முன்னாடி ட்ரெய்லரோட நாலு டயரையும் மாத்தணும், இப்ப இருக்கறது அந்த 2021 ஜூலைல போட்டது.