லிட்டில் லீக்கா, போனியா?

அமெரிக்காவில் ஊர்ப் பெற்றோர் கூடிப் பிள்ளைகளுக்கு பேஸ்பால் லீக் நடத்தும்போது, லிட்டில் லீக், போனி என்ற இரண்டு அமைப்புகளில் எதில் சேர்வது என்ற கேள்வி வரும். இரண்டுமே பென்சில்வேனியாவில் பிறந்தவை: லிட்டில் லீக் 1939இல், போனி 1951இல்.

11, 12 வயதில்தான் வித்தியாசம் நன்றாகத் தெரியும். லிட்டில் லீக்கின் மேஜர் பிரிவில் பேஸ்களுக்கு (ஓடுபவர் தொட்டு நிற்கும் இடங்கள்) நடுவே 60 அடி. பந்து அடிப்பவரை எட்டும்வரை ஓடுபவர் பேஸை விட்டு நகரக் கூடாது. போனியின் பிராங்கோ பிரிவில் 70 அடி. ஓடுபவர் பந்து வீசும் முன்பே பேஸை விட்டு நகர்ந்து நிற்கலாம். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் அப்படி நகர்ந்து நிற்பவரை ஏமாற்ற, பந்து வீசுபவர் விதிமீறி அசைந்தாரா என்று நடுவர் கவனித்துச் சொல்லியாக வேண்டும். அந்த நடுவர் யார்? வேலை முடிந்து அவசரமாக ஓடிவந்த யாரோ ஒரு பையனின் அப்பா. பாவம், இரண்டாவது இன்னிங்ஸிலேயே வேலிக்கு வெளியே கத்தல் ஆரம்பித்துவிடும்.

லிட்டில் லீக்கில் தலைவலி வேறு மாதிரி. பிள்ளையின் வீடோ பள்ளியோ லீக்கின் எல்லைக்குள் இருக்க வேண்டும். மின்கட்டண ரசீது போன்ற காகிதங்களை உட்கார்ந்து சரிபார்ப்பதும் தன்னார்வலர்தான். அது சீசனுக்கு முன்பே முடிந்துவிடும்; போனியின் நடுவர் பிரச்சினையோ வாராவாரம் வரும். அதனால் புது லீக்குக்கு லிட்டில் லீக்கையே சொல்வேன். பெரிய மைதானம் வேண்டுமென்றால், அப்புறம் அதிலேயே 70 அடிப் பிரிவும் இருக்கிறது.