'கனெக்‌ஷன் பேக்கேஜ்' வாங்குகிறவர்கள் முதலில் பிஎன்ஆர் எண்ணைக் கேளுங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் வீடும், சிங்கப்பூர் மலேசியாவில் பிள்ளைகளுமாக இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். விமானத்தில் சென்னையில் இறங்கி ரயிலில் ஊர் வந்து சேரும்வரை எல்லாம் எங்கள் பொறுப்பு என்று சொல்லிப் பணம் வாங்கும் ஒரு டிராவல்ஸ்காரரிடம் இந்தப் பொங்கலுக்கு நாங்கள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை.

தங்கச்சி குடும்பம் சிங்கப்பூரிலிருந்து வருகிறது. மாப்பிள்ளை, இரண்டு பிள்ளைகள், ஆக நாலு பேர். போகியன்று காலை பத்து மணி வாக்கில் சென்னையில் இறங்கும் விமானம். அன்று பிற்பகல் எழும்பூரிலிருந்து கிளம்பும் பல்லவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்புதான் திறக்கிறது (2024 நவம்பருக்கு முன் 120 நாள் இருந்தது). பொங்கல் டிக்கெட் திறந்த சில நிமிஷத்தில் தீர்ந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். விடுமுறை உறுதியாகி மாப்பிள்ளை விமான டிக்கெட் போட்டபோது அந்த நாள் எப்போதோ போய்விட்டது.

அப்போதுதான் இந்த டிராவல்ஸ்காரர். "அண்ணே, நம்மகிட்ட கனெக்‌ஷன் பேக்கேஜ் இருக்கு. ஏர்போர்ட்ல நம்ம பையன் நிப்பான், கார்ல எழும்பூர் கொண்டுபோய் ஏசி சேர் கார்ல உக்கார வச்சிருவான்" என்றார். நாலு பேருக்குப் பத்தாயிரம். ரயில் கட்டணம் தலைக்கு ஆயிரத்துக்குள்தான்; ஆனாலும் பண்டிகை நேரத்தில் சீட் கிடைத்ததே பெரிது என்று கொடுத்தோம். வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கடையின் பெயர் போட்ட தாள், ரயில் எண், பெட்டி, நாலு இருக்கை எண்கள், பக்கத்தில் பச்சை எழுத்தில் 'உறுதி'. பிஎன்ஆர் (ஒவ்வொரு முன்பதிவுக்கும் ரயில்வே தரும் எண்) எங்கே என்று கேட்டேன். "அது ஏஜென்ட் ஐடில இருக்குண்ணே, வெளியில காட்டாது" என்றார்.

இது பச்சைப் பொய். யார் எடுத்த டிக்கெட்டாக இருந்தாலும் பத்து இலக்க பிஎன்ஆர் எண்ணைப் போட்டால் யார் வேண்டுமானாலும் அதன் நிலையைப் பார்க்கலாம். ரயில்வே உதவி எண் 139-க்கு போன் செய்தாலும் சொல்வார்கள். ஏஜென்ட் ஐடி என்று தனியாக ஒளித்துவைக்கிற அறை எதுவும் கிடையாது.

போகியன்று சென்னைக்குக் காலையில் விமானம் வைத்துக்கொள்வதே கொஞ்சம் ஆபத்துதான். மார்கழிப் பனியும் டயர் எரித்த புகையும் சேர்ந்து ஓடுபாதை தெரியாமல் போகும். 2018 போகியில் ஏகப்பட்ட விமானங்கள் தடுமாறின. தங்கச்சியின் விமானமும் தாமதம். பத்து மணிக்கு இறங்க வேண்டியது, இறங்கும்போது ஒன்றரைக்கு மேல். குடிநுழைவு, பெட்டி எல்லாம் முடித்து வெளியே வந்தபோது மூன்று மணி ஆகவில்லை. வாசலில் நிற்பதாகச் சொன்ன பையன் இல்லை. தங்கச்சி டிராவல்ஸ்காரருக்கு போன் போட்டால், "அக்கா, இனிமே டிரெயினைப் பிடிக்க முடியாது. நான் கார் போட்டுத் தர்றேன்" என்று உடனே சொல்லிவிட்டார்.

எனக்கு அங்கேதான் இடித்தது. பல்லவன் எழும்பூரில் கிளம்புவதே மூன்றரைக்கு மேல். தாம்பரத்தில் நின்றுதான் போகும். விமான நிலையத்துக்கு எதிரிலேயே திரிசூலம் மின்சார ரயில் நிலையம். பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம், அடுத்தது தாம்பரம். கால் மணி நேரப் பயணம். சென்னையில் இறங்கித் தெற்கே போகிறவர்கள் எழும்பூர்வரை போய்த் திரும்புவதே வீண்; டிக்கெட்டில் ஏறும் நிலையத்தைத் தாம்பரம் என்று வைத்துக்கொள்வதுதான் வழக்கம். எழும்பூர் என்று எடுத்திருந்தாலும் சார்ட் (யார் யாருக்கு இருக்கை என்ற இறுதிப் பட்டியல்) போடுவதற்கு முன் மாற்றிக்கொள்ளலாம். தினமும் இதே வேலையாக இருப்பவருக்கு இது தெரியாதா? நான் அவருக்கு போன் போட்டுத் தாம்பரம் என்று சொல்ல வாயெடுத்ததும், "அதெல்லாம் பொங்கல் கூட்டத்துல குழந்தைகளை வச்சுக்கிட்டு முடியாதுண்ணே" என்று வைத்துவிட்டார். நான் தங்கச்சியைப் பிடிப்பதற்குள், அவர் அனுப்பிய இன்னோவா வந்து பெட்டிகள் ஏறிவிட்டன.

காருக்கு 24,000. 'பொங்கல் ரேட்'. பெருங்களத்தூர் தாண்டவே இருட்டிவிட்டது. பரனூர் டோல்கேட்டில் நின்றது வேறு கதை. வீடு வந்து சேர்ந்தது விடியற்காலை. ஆத்தா அதுவரை முகப்பில் உட்கார்ந்திருந்தது.

பொங்கல் முடிந்து ரயில் பணத்தைக் கேட்டேன். "டிரெயினைத் தவறவிட்டா ஒரு பைசா வராதுண்ணே, ரயில்வே ரூல்ஸ்" என்றார். அந்த விதி உண்மையானது. உறுதியான டிக்கெட்டை வைத்துக்கொண்டு, ஓடிய ரயிலில் ஏறாமல் விட்டால் பணம் வராது. விமானம் தாமதமானது ரயில்வேக்குக் கணக்கில்லை. இரண்டு பிஎன்ஆர்களை இணைத்து, முதல் ரயில் தாமதத்தால் அடுத்ததைத் தவறவிட்டால் பணம் திரும்பப் பெறும் வசதி 2019 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. அது ரயிலுக்கும் ரயிலுக்கும்தான். விமான நிறுவனமும் தவறிப்போன ரயிலுக்குப் பொறுப்பேற்காது. சரி, நம் நேரம் என்று விட்டுவிட்டோம்.

விஷயம் வெளியே வந்தது வேறு வழியில். மாப்பிள்ளை அலுவலகத்தில் கொடுக்க அசல் டிக்கெட் கேட்டார். டிராவல்ஸ்காரர் வெளியூர் போயிருந்ததால் கடைப் பையன் ஒன்றும் தெரியாமல் பிடிஎஃப் கோப்பை அனுப்பிவிட்டான். திறந்து பார்த்தால் நாலு பேரும் வெயிட்டிங் லிஸ்ட்! இருக்கை எண்ணே இல்லை. பிஎன்ஆரைப் போட்டுப் பார்த்தேன். சார்ட் போட்ட பிறகும் அதே வெயிட்டிங்.

இதில்தான் சூட்சுமம். ஆன்லைனில் எடுத்த டிக்கெட்டில் எல்லோரும் வெயிட்டிங்கிலேயே நின்றால், சார்ட் போட்டதும் டிக்கெட் தானாக ரத்தாகும். சிறு பிடித்தம் போகப் பணம் எந்தக் கணக்கிலிருந்து கட்டப்பட்டதோ அந்தக் கணக்குக்கே போய்விடும். அதாவது அவருடைய கணக்குக்கு. முன்பு ரயில் கிளம்ப நாலு மணி நேரம் இருக்கும்போது சார்ட் போட்டார்கள். 2025 நடுவிலிருந்து எட்டு மணி நேரம் முன்பே, இப்போது அதற்கும் முன்னால். ஆகவே தங்கச்சி குடும்பம் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் தாமத அறிவிப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காலையிலேயே அந்த டிக்கெட் செத்துவிட்டது. அவருக்கும் செய்தி வந்திருக்கும். ஒரு வார்த்தை சொல்லவில்லை. விமானம் தாமதமானது அவருக்குத் தோதாகப் போயிற்று: பழியை விமானத்தின் மேல் போட்டாயிற்று, ரயில் பணம் கையில், காரிலும் லாபம். சரியான நேரத்துக்கு இறங்கியிருந்தாலும் வேறு ஏதாவது கதை தயாராக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று. அந்த டிக்கெட் யாரோ ஒருவரின் சொந்தக் கணக்கில் எடுத்தது. அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் எடுத்தால் ஏஜென்டின் பெயரும் அவருடைய கட்டணமும் டிக்கெட்டிலேயே அச்சாகியிருக்கும். சொந்தக் கணக்கில் எடுத்ததை விற்பது 1989 ரயில்வே சட்டம் 143-ஆவது பிரிவின்படி குற்றம். மூன்று ஆண்டுவரை சிறை உண்டு. "கடைசி நாள் தட்கால்ல தட்டிருவேன்" என்பவர்களையும் நம்பவேண்டாம். தட்கால் என்கிற கடைசி நேர முன்பதிவு திறப்பது முந்தின நாள் காலை, ஏசிக்குப் பத்து மணி, மற்றதுக்குப் பதினொரு மணி. அந்த முதல் அரை மணி நேரம் ஏஜென்டுகள் எடுக்கவே முடியாது.

நேரில் போய் பிடிஎஃப்பைக் காட்டியதும் ரயில் கட்டணத்தை மட்டும் அனுப்பினார். பேக்கேஜின் மீதிப் பணம், எழும்பூருக்கு ஓடாத கார், வராத பையன், எதற்கும் பதில் இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்திருக்கிறேன், ரயில்வே பாதுகாப்புப் படைக்கும் எழுதியிருக்கிறேன்.

தங்கச்சி அடுத்த முறை நேராகத் திருச்சிக்கே டிக்கெட் போடுவதாகச் சொல்கிறாள். பண்டிகைக்கு விலை ஏறும்தான். ஆனால் சென்னை விமானம், ரயில், தவறினால் கார் என்று கூட்டிப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டை சாலையிலேயே இருப்பதால் ஊருக்குள் போகாமல் அப்படியே நம் பக்கம் திரும்பிவிடலாம்; இரண்டு மணி நேரத்தில் வீடு. சென்னைதான் என்றால் பகல் ரயிலை விட்டுவிட்டு ராமேசுவரம் போகும் ராத்திரி வண்டியைப் பாருங்கள். விமானம் அரை நாள் தாமதமானாலும் தாங்கும்.

அந்தக் கடையின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இப்போது கோடை விடுமுறை பேக்கேஜ் ஓடுகிறது. ஏற்கனவே பணம் கட்டியவர்கள் இன்றே பிஎன்ஆரைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தர மறுத்தால், பணம் அனுப்பிய ரசீதையும் அந்தப் பச்சை எழுத்துத் தாளையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு 1915-க்குப் பேசுங்கள்.