டெர்பியில் பறிபோன இரண்டு வெற்றிகள்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் நடக்கும் புகழ்பெற்ற குதிரைப் பந்தயமான கென்டக்கி டெர்பியில் முதலாவதாக வந்தும் மருந்துச் சோதனையால் பட்டத்தை இழந்த குதிரைகள் இரண்டு: 1968-இல் டான்சர்ஸ் இமேஜ், 2021-இல் மெடினா ஸ்பிரிட். இரண்டும் தசை வளர்க்கும் ஸ்டீராய்டால் சிக்கியவை என்று நினைத்தால் அது தவறு.

முன்னதன் உடம்பில் கிடைத்தது பினைல்பியூட்டசோன். ஸ்டீராய்டு அல்ல, வலிநிவாரணி. உரிமையாளர் பீட்டர் ஃபுல்லர் ஆண்டுக்கணக்கில் வழக்காடியும் பட்டம் இரண்டாவதாக வந்த ஃபார்வர்டு பாஸ் குதிரைக்கே போனது. அதே மருந்தைக் கென்டக்கி பின்னாளில் அனுமதித்தது வேறு கதை.

மெடினா ஸ்பிரிட்டிடம் இருந்தது பீட்டாமெத்தசோன். ஸ்டீராய்டுதான், ஆனால் தசை வளர்க்கும் வகை அல்ல, வீக்கம் குறைப்பது. அளவு மில்லிலிட்டர் ரத்தத்துக்கு வெறும் 21 பிகோகிராம் (ஒரு பிகோகிராம் என்பது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). ஊசி போடவில்லை, தோல் நோய்க்குக் களிம்பு தடவினோம் என்றது பயிற்சியாளர் பாப் பாஃபர்ட் தரப்பு. சரி, பந்தய நாளில் இருக்கவே கூடாத மருந்துக்குக் களிம்பென்ன, ஊசியென்ன? 2022 பிப்ரவரியில் இரண்டாவதாக வந்த மாண்டலூன் குதிரை வெற்றியாளராக அறிவிக்கப்பட்டது. அதற்குள் மெடினா ஸ்பிரிட் இறந்தே போயிருந்தது.