வடிவியல் பெட்டி: ஆணிப்பலகைக்கு வாங்கலாம், கூம்புக்கு வேண்டாம்

தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு மாணவர்களை மனதில் வைத்து விற்கப்படும் வடிவியல், அளவைகள் பெட்டி இது. உள்ளே வரிசைக்கு 5 வீதம் 25 ஆணி கொண்ட பலகை, ஆணிகளில் மாட்டி உருவம் அமைக்க ரப்பர் வளையங்கள், 1 செ.மீ. கனச்சதுரங்கள் 100, கரும்பலகைக் கோணமானி, பிளாஸ்டிக் திண்ம உருவங்கள், மடக்கும் அட்டைகள், 10 மீட்டர் நாடா, ஒரு கையேடு. ஊட்டி, கோத்தகிரிப் பக்கப் பள்ளிகளுக்குக் கற்பித்தல் பயிற்சிக்குப் போகிறவர்கள் இதை வாங்கலாமா?

ஆணிப்பலகை ஒன்றே கொடுத்த காசுக்குத் தகும். மாணவ ஆசிரியர்களிடம் கொடுத்து, "இதில் எத்தனை அளவுகளில் சதுரம் வரும்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் நான்கு என்பார்கள்: 1, 4, 9, 16 சதுர அலகு. உண்மையில் எட்டு. சாய்வாக நிற்கும் 2, 5, 8, 10 ஆகிய நான்கும் கண்ணில் படுவதில்லை. காரணம், சதுரம் என்றாலே அடிப்பக்கம் கிடையாக இருக்க வேண்டும் என்று அவர்கள் மனதிலேயே பதிந்திருக்கிறது. நாளை மூன்றாம் வகுப்புக் குழந்தை சாய்ந்த சதுரத்தை "டைமண்டு" என்று சொன்னால் அதைத் திருத்த இவர்களால் முடியாது. 5 சதுர அலகு வருவதைக் காட்ட வாய்ப்பாடு வேண்டாம். அதைச் சுற்றி 3×3 சதுரம் போட்டு, மூலைகளில் மிஞ்சும் நான்கு முக்கோணங்களைக் கழிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் 1 அலகு, 9-இல் 4 போக 5. இன்னொரு பிழையும் இங்கேதான் வெளிப்படும். மூலைவாக்கில் அடுத்த ஆணிக்கு உள்ள தூரத்தையும் 1 என்று எண்ணிச் சுற்றளவு சொல்வார்கள். அது ஏறக்குறைய 1.41. ஒரு நூலை இரண்டு இடத்திலும் வைத்துக் காட்டினால் போதும், பிதாகரஸ் வரை போக வேண்டியதில்லை.

கனச்சதுரங்களைக் கடையிலேயே சோதியுங்கள். பத்தை வரிசையாக அடுக்கினால் 10 செ.மீ. வர வேண்டும். பெயிண்ட் தடிப்பால் 10.3 வந்தால் அந்தப் பெட்டியை விட்டுவிடுங்கள், அளவைப் பாடத்தையே அது கெடுக்கும். 12 கட்டைகளைக் கொண்டு மூன்று செவ்வகம் செய்தால் சுற்றளவு 1×12-க்கு 26, 2×6-க்கு 16, 3×4-க்கு 14. பரப்பளவு மாறாமல் சுற்றளவு மாறுகிறது என்பதை இதைவிட எளிதாகக் காட்ட வேறு வழியில்லை. லிட்டருக்கு வந்தால்தான் தகராறு. 10 செ.மீ. பக்கமுள்ள கனச்சதுரம்தான் ஒரு லிட்டர். அதற்கு 1000 கட்டை வேண்டும், 100 கட்டை அடித்தட்டோடு தீர்ந்துவிடும். அதற்கு ஒரு வழி உண்டு. அதே அளவுள்ள கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மூலையிலிருந்து கிளம்பும் மூன்று விளிம்புகளில் மட்டும் கட்டைகளை வையுங்கள். மூலைக்கட்டை பொதுவானதால் 28 போதும், மீதியைக் குழந்தைகளே கணக்கிடுவார்கள்.

கோணமானியில் இரட்டை வரிசை எண்கள். 70-ஐ 110 என்று படிப்பது அதனால்தான். அளக்கும் முன்பே குறுங்கோணமா, விரிகோணமா என்று வாயால் சொல்ல வைத்தால் பாதிப் பிழை போய்விடும். மையப்புள்ளி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு நேர்கோட்டின் மேல் உள்ள இரண்டு அடுத்துள்ள கோணங்களையும், ஒவ்வொன்றுக்கும் கோணமானியைத் திருப்பி வைத்து ஒரே வரிசை எண்களில் அளந்து கூட்டுங்கள். 180 வராவிட்டால் புள்ளி தள்ளி அச்சாகியிருக்கிறது. மையத்தில் நூலும் ஒரு நட்டும் தொங்கவிட்டால் சாய்வுமானியாகவும் ஆகும். மலை ரயில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறும் சாய்வு எத்தனை பாகை என்று கேட்டால் 30, 40 என்ற பதில்தான் வரும். ஏறக்குறைய 12 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம், அதாவது 5 பாகைக்கும் குறைவு. கோணத்தைப் பயத்தால் அளக்கிறோம்!

கூம்பும் உருளையும் ஏமாற்றம். இரண்டின் அடியும் ஒன்று, ஆனால் கூம்பின் உள் உயரம் 9 செ.மீ., உருளையுடையது 10. கூம்பை நிரப்பி மூன்று முறை ஊற்றியும் உருளையில் பத்தில் ஒரு பங்கு காலியாகவே நிற்கும். அடியும் உயரமும் ஒன்றானால் கூம்பின் கொள்ளளவு உருளையில் "மூன்றில் ஒரு பங்கு" என்ற விதி பொய்யென்று வகுப்பு முடிவுகட்டிவிடும். தொடக்க வகுப்புக்கு இந்தச் சோதனை அவசியமே இல்லை, இதற்காக விலை கூட்டியிருப்பதும் தேவையில்லாதது.

மடக்கும் அட்டையில் கனச்சதுரத்துக்குச் சிலுவை வடிவம் ஒன்றுதான். மொத்தம் 11 விதங்களில் விரிக்கலாம். ஆறு சதுரக் காகிதங்களும் செல்லோடேப்பும் கொடுத்துத் தேடவிட்டால் நல்ல ஒரு மணி நேர வேலை. ஈரப்பதம் இருக்கும் மாதங்களில் இந்த அட்டை தொய்ந்து பசை விட்டுவிடும், பலகையின் ஓரமும் உப்பும். சிலிக்கா ஜெல் பை இரண்டு போட்டு மூடி வையுங்கள், ஆணிகளில் துருவும் பிடிக்காது.

நாடாவில் 0 எங்கே தொடங்குகிறது, நுனி வளையத்திலா அதற்கு அப்பாலா என்று பெட்டியில் எங்கும் சொல்லவில்லை. இதையே பாடமாக்கலாம். காகித அளவுகோலை 3-இல் வெட்டிக் கொடுத்து, 3 முதல் 8 வரை உள்ள பென்சிலை அளக்கச் சொன்னால் "8" என்றும், கோடுகளை எண்ணி "6" என்றும் பதில் வரும். தேயிலை எடை போடும்போது சாக்கின் எடையைக் கழிப்பதைத் தினமும் பார்க்கும் பிள்ளைகள் இங்கே. பூச்சியத்திலிருந்து தொடங்காத அளவை என்ன செய்வது என்பதை அதிலிருந்தே பேசத் தொடங்கலாம்.

கையேடு மோசம். முதல் பக்கமே "நான்கு பக்கங்களும் சமமாக, நான்கு கோணங்களும் செங்கோணமாக…" என்று வரையறையில் தொடங்குகிறது. உருவத்தை முழுதாகப் பார்ப்பது, பிறகு பண்புகளைக் கவனிப்பது, அதன் பிறகே உருவங்களுக்கிடையிலான உறவு என்ற வரிசையை நெதர்லாந்தின் வான் ஹீலே தம்பதியர் 1957-லேயே ஆய்வேடுகளில் எழுதிவிட்டனர். "சதுரமும் ஒரு செவ்வகமே" என்பது அந்த மூன்றாம் படியில் உள்ளது. அதை இரண்டாம் பக்கத்திலேயே திணிக்கிறது கையேடு.

தனித்தனியாகக் கிடைத்தால் ஆணிப்பலகையும் கட்டைகளும் மட்டும் வாங்குங்கள். கோணமானியை அட்டையில் வெட்டிக்கொள்ளலாம்.