மரமா, பனங்காலா, இரும்பா: மலையடி வயலுக்கு ஏற்ற பரண் எது?

கடையம், சிவசைலம், பாபநாசம், மணிமுத்தாறு, களக்காடு, திருக்குறுங்குடி என்று பொதிகையின் கிழக்கடிவாரத்தில் நீளும் ஊர்களில் வயல் வைத்திருப்பவர்களுக்குப் பரண், அதாவது பயிரைக் காக்க உயரத்தில் கட்டும் காவல் மேடை, இன்றும் அன்றாடத் தேவையாகவே இருக்கிறது. நிலக்கடலை காய்பிடிக்கும் நாள்களிலும் நெல் பால்பிடிக்கும் நாள்களிலும் காட்டுப்பன்றிக் கூட்டம் இரவில் இறங்கிவிடும். வாழையின் அடிக்கிழங்கைக் கிளறிப்போட்டுவிட்டு, பொழுது விடிவதற்குள் மலையேறியும்விடும். இதைத் தடுக்க மின்கம்பியிலிருந்து நேரே மின்சாரம் பாய்ச்சிய வேலியும், தீனிக்குள் வெடியை மறைத்த வெடிக்காயும் வைத்தால் அது குற்றம் என்பதோடு, மனிதர்களும் கால்நடைகளும் சாகும் கொடுமையாகவும் முடிகிறது. ஆகவே இரவில் விழித்திருந்து காப்பதுதான் வழி என்றால், எதன்மேல் விழித்திருப்பது என்ற கேள்வியை நிதானமாக ஆராய வேண்டும்.

பரண் கட்டுவதைப் பற்றி மிக நுணுக்கமாக யோசித்தவர்களில் அமெரிக்காவின் வில் வேட்டைக்காரர்களும் அடங்குவர். வெள்ளைவால் மானுக்காகக் காத்திருக்கும் அவர்கள், கால்கள்மேல் நிற்கும் பலகைக் கூண்டைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். வில்லை நிமிர்த்திப் பிடித்து இழுக்க வேண்டியிருப்பதால் அவர்களது கூண்டின் சன்னல்கள் அகலம் குறைந்தும் உயரம் மிகுந்தும் இருக்கும். நாணை இழுக்கும்போது முழங்கை சுவரில் இடிக்காத அளவுக்கு உள்ளே இடம் விடுவார்கள். காலடி ஓசை கேட்காதிருக்கத் தரையில் கம்பளம் விரிப்பார்கள். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருப்பதால், வில்லோடு பரணேறும் பேச்சுக்கே இங்கு இடமில்லை. ஆனாலும் அவர்களுடைய கூண்டை நம் பரணோடு வைத்துப் பார்த்தால் ஒரு தெளிவு கிடைக்கிறது. அங்கே உள்ளிருப்பவர் கடைசிவரை மறைந்திருக்க வேண்டும். இங்கே உள்ளிருப்பவர் பன்றி வரப்பைத் தாண்டுவதற்கு முன்பே அதைக் கேட்டறிய வேண்டும். கேட்ட மறுகணம் தகரத்தைத் தட்டியோ டார்ச் அடித்தோ தாம் இருப்பதை உரக்கத் தெரிவிக்கவும் வேண்டும். நாற்புறமும் அடைத்த கூண்டு வேட்டைக்காரருக்குப் பலம். காவல்காரருக்கோ அது காதை அடைத்துக்கொண்டு உட்காருவதாகும். பின்வரும் மூன்று வகைகளையும் இந்த அளவுகோலை வைத்தே எடைபோடுகிறேன்.

முதலாவது, நிற்கும் மரத்தில் கட்டும் பரண். தினைப்புனம் காத்த காலத்திலிருந்தே வரும் முறை இது. இதணம், கழுது என்றெல்லாம் பழந்தமிழில் இதற்குப் பெயர்கள் உண்டு. செலவு மிகக் குறைவு, பகலில் நிழல் உண்டு, வேர் பிடித்து நிற்பதால் அடித்தளக் கவலையும் இல்லை. புளி, மருது, இலுப்பை போன்ற வைரம் பாய்ந்த மரங்களின் கவையில் கட்டினால் உறுதியாக இருக்கும். முருங்கையைப் போல எளிதில் முறியும் மரத்தில் கட்டவே கூடாது. காற்றில் வளைந்தாடும் தென்னையும் ஏற்றதன்று. ஆணி அடிப்பதைவிடக் கயிற்றால் கட்டுவது மேல். மரம் பருத்து வருவதால் ஆண்டுக்கொருமுறை கட்டை அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டியிருக்கும். அந்தச் சாக்கில் கயிறு நைந்திருப்பதும் கண்ணில் படும். இதன் பெருங்குறை இடம். பன்றி எந்த மூலையில் இறங்குகிறதோ அந்த மூலையில் நமக்கென ஒரு புளியமரம் நிற்பது அபூர்வம். இலைச் செறிவு பாதிப் பார்வையை மறைத்துவிடும், முசுறு எறும்பு ஏறிவிட்டால் ஓரிடத்தில் ஒரு நாழிகைகூட உட்கார முடியாது. எங்கள் பக்கத்தில் இன்னொரு கவலையும் உண்டு: கரடியும் சிறுத்தையும் மரமேறும். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் எல்லையை ஒட்டிய வயல்களில் இதை மறந்துவிட்டு மரத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஆனால் யானை நடமாடும் தடத்தில் மட்டும் நான் மரத்தையே சொல்வேன். யானை முட்டினால் பனங்காலும் நிற்காது, இரும்புக் காலும் நிற்காது. இரண்டு ஆள் கட்டிப்பிடிக்கும் பருமனுள்ள புளியமரம் ஒன்றுதான் நிற்கும். அப்படியொரு மரம் இல்லாத இடத்தில் பரணே வேண்டாம்.

இரண்டாவது, பனஞ்சட்டத்தைக் காலாக நட்டுக் கட்டும் நாலுகால் பரண். என் மனம் சாய்வது இதன் பக்கம்தான், அதற்குக் காரணங்களும் உண்டு. முற்றிய பனையின் புறப்பகுதி கருத்து, இரும்புபோல் இறுகியிருக்கும். நடுவிலுள்ள மென்மையான பகுதியைச் செதுக்கி நீக்கிவிட்டு எடுக்கும் சட்டம் தலைமுறைகளுக்கு உழைப்பதை ஓட்டு வீடுகளின் கூரைகளே காட்டும். தளம் பத்தடி உயரத்தில் இருக்க வேண்டுமென்றால் மூன்றடி மண்ணுக்குள் போவதையும் சேர்த்து ஒவ்வொரு காலும் பதினான்கடியாவது இருக்க வேண்டும். கால்களை நேராக நடாமல் அடியில் எட்டடியும் மேலே ஆறடியும் இடைவெளி வரும்படி சாய்த்து நட வேண்டும். நான்கு பக்கமும் பெருக்கல் குறிபோலக் குறுக்குச் சட்டம் கொடுக்க வேண்டும். பனையில் துளையிடாமல் ஆணி அடித்தால் நாரின் போக்கிலேயே பிளந்துவிடும் என்பதால், துளையிட்டு போல்ட்டு முடுக்குவதோ, நனைத்த தென்னங்கயிற்றால் இறுக்கிக் கட்டுவதோதான் முறை. மண்ணுக்குள் போகும் பகுதியைக் கரியேறும்வரை தீயில் வாட்டித் தார் பூசினால் கரையான் அணுகத் தயங்கும். தளத்துக்குப் பிளந்த மூங்கில், அதன்மேல் சாக்கு, கூரைக்குப் பனையோலை. இவற்றில் எதுவும் மழையில் பேரோசை எழுப்பாது, வெயிலில் கொதிக்காது.

ஒரு தடை உண்டு. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. அது வரவேற்க வேண்டிய அறிவிப்பு. பரணுக்காகப் பச்சைப் பனையை வெட்ட நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பழைய வீடு இடிக்கும் இடங்களில் கிடைக்கும் விட்டமும் கைமரமும் போதும், அவை நன்றாக உலர்ந்தும் இருக்கும். கிடைக்காதபோது சவுக்கைக் காலாக நடுபவர்கள் உண்டு. அது மண்ணுக்குள் சீக்கிரம் இற்றுப்போகும் என்பதால் ஆண்டுதோறும் அடிப்பகுதியைத் தோண்டிப் பார்த்தே ஏற வேண்டும்.

மூன்றாவது, ஆங்கிள் இரும்பாலோ குழாயாலோ செய்யும் பரண். பட்டறையில் ஒரே நாளில் முடிந்துவிடும், கரையான் பயம் கிடையாது. வெல்டிங் செய்யாமல் போல்ட்டு போட்டுச் சேர்த்தால் குத்தகை முடிந்ததும் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். விலை கூடுதல் என்பதும் துரு ஏறும் என்பதும் எல்லோரும் அறிந்தவை. எல்லோரும் அறியாதது அதன் ஓசை. சில ஆண்டுகளுக்கு முன்பு நான் கடலைக் காட்டில் தகரக் கூரையும் தகரச் சுவரும் வைத்து ஓர் இரும்புப் பரண் நிறுத்தினேன். மழைக்கும் குளிருக்கும் அடக்கமாக இருக்கும் என்று நம்பினேன். ஐப்பசி மாதத்து இரவொன்றில் மழை தகரத்தில் கொட்டிய முழக்கத்தில் வேறெதுவும் என் காதில் விழவில்லை. விடிந்து பார்த்தபோது, பரணிலிருந்து இருபது எட்டுக்குள் அரைப் பாத்தி உழுதுபோட்டதுபோல் கிடந்தது. பக்கத்து வயல்காரர் வந்து, "அண்ணாச்சி, பரணுக்குக் கண்ணைவிடக் காதுதான் முக்கியம்" என்றார். அன்றே சுவர்த் தகரத்தைக் கழற்றிவிட்டேன். அடுத்த வாரம் கூரைத் தகரத்தையும் எடுத்துவிட்டு ஓலை வேய்ந்தேன். கால் இரும்பு, தளம் மூங்கில், கூரை ஓலை என்ற அந்தக் கலப்பு இன்றுவரை குறையில்லாமல் நிற்கிறது. பழைய பனஞ்சட்டம் கிடைக்காதவர்களுக்கு இதையே சொல்கிறேன்.

சுவர் வேண்டாம் என்பதற்குக் காற்றும் ஒரு காரணம். ஆனி முதல் ஆவணிவரை ஆரியங்காவு, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாகப் பாயும் மேல்காற்று இந்தச் சீமையில் கட்டும் எதையும் சோதித்துப் பார்த்துவிடும். காற்றின் வேகம் இருமடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். அடைத்த கூண்டு அந்த விசை முழுவதையும் பாய்மரம்போல் வாங்கிக்கொள்ளும். இடுப்பளவுக்குக் கைப்பிடிக் கம்பும் அதற்குமேல் திறந்த வெளியும் இருந்தால் காற்று ஊடே போய்விடும். ஓலைக் கூரையையும் கால்களோடு சேர்த்துக் கயிற்றால் இழுத்துக் கட்ட வேண்டும்.

உயரத்தைப் பயிர்தான் முடிவு செய்ய வேண்டும். நெல்லுக்கும் கடலைக்கும் எட்டடித் தளமே தாராளம், மக்காச்சோளத்துக்குப் பத்து அல்லது பன்னிரண்டு அடி வேண்டும். வாழைக்கு எவ்வளவு உயர்த்தினாலும் இலைக் கூரைக்குக் கீழே நடப்பது தெரியாது. அங்கே பரணைத் தோட்டத்துக்குள் வைக்காமல், மலையைப் பார்த்த ஓரத்தில், வேலிக்கும் முதல் வரிசைக்கும் இடையிலுள்ள வெட்டவெளி தெரியும்படி நிறுத்துவதே பயன் தரும்.

காவலுக்காக இல்லாமல் விலங்கைப் பார்க்கவோ படமெடுக்கவோ பரண் கட்டுபவர்களுக்கு மட்டும் வேட்டைக்காரரின் கூண்டுக் கணக்கு பொருந்தும். மறைப்பு, அமைதி, காற்றின் திசை மூன்றும் அவர்களுக்கு வேண்டும். காட்டுப்பன்றியின் மூக்கு மிகக் கூர்மையானது; மேல்காற்றுக் காலத்தில் வயலின் கிழக்கோரத்தில் உட்கார்ந்தால், மலையிலிருந்து இறங்கும் பன்றிக்கு நம் வாடை எட்டாது. வாடைக்காற்று தொடங்கியபின் இதே இடம் காட்டிக்கொடுத்துவிடும். காவல்காரருக்கோ வாடை எட்டினாலும் நட்டமில்லை, எட்டித் திரும்பிப் போனால் அது ஆதாயமே. 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கூந்தன்குளம் போன்ற இடங்களில் கூழைக்கடாவையும் மஞ்சள்மூக்கு நாரையையும் பார்க்க விரும்புகிறவர்கள் பரணைப் பற்றி எண்ணவே வேண்டாம். ஊருக்குள் நிற்கும் மரங்களிலேயே அவை கூடு கட்டுகின்றன.

எந்த வகையைத் தேர்ந்தாலும் இடி முழங்கத் தொடங்கினால் இறங்கிவிட வேண்டும். வெட்டவெளியில் உயர்ந்து நிற்கும் மரமும் சட்டமும் இரும்பும் மின்னலுக்கு ஒன்றுதான். தூக்கத்தில் உருண்டு விழுவது இதைவிடப் பெரிய அபாயம். அமெரிக்க வேட்டைக்காரர்களும் பரணிலிருந்து விழுந்தே மிகுதியாக அடிபடுகிறார்கள், அதனால்தான் உடலைப் பிணைக்கும் வார்ப்பட்டை இல்லாமல் ஏறக்கூடாது என்று அங்கே வலியுறுத்துகிறார்கள். நம்மிடம் வார்ப்பட்டை இல்லாவிட்டாலும் இடுப்பிலிருந்து நடுச்சட்டத்துக்கு ஒரு கயிறு கட்டிக்கொள்ளலாம், அது விளிம்பை எட்டாத நீளத்தில் இருக்க வேண்டும். ஏணியைக் காட்டைப் பார்த்த பக்கத்தில் வைக்காமல் ஊரைப் பார்த்த பக்கத்தில் வைத்து, ஏறியதும் மேலே இழுத்துக்கொள்ளும்படி மூங்கிலில் செய்துகொண்டால், கரடிக்கு வழி விட்டதாகவும் இராது, அவசரத்தில் இறங்க வேண்டியிருந்தால் வீட்டுத் திசையிலேயே கால் ஊன்றலாம்.